ஓட்டல் சாப்பாடு சரியில்லை என்றால்: புகார் சொல்லும் முறை

ஓட்டல் சாப்பாட்டில் வரும் குறைகள் மூன்று வகை: கெட்டுப்போன உணவு, கேட்டதற்கு மாறாக வந்த உணவு, வாய்க்குப் பிடிக்காத உணவு. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு ஓட்டலுக்கு உண்டு. மூன்றாவதற்கு மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். உரிமையாகக் கோர முடியாது. எந்த வகை என்று மனதுக்குள் தெளிவான பிறகே சர்வரைக் கூப்பிட வேண்டும்.

குறையைச் சொல்ல ஏற்ற நேரம் முதல் வாய். வெயில் நேரத்தில் தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்திலேயே ஊசிவிடும். கரண்டியில் எடுத்தால் கொழகொழப்பாக இழையும், புளித்த வாடை அடிக்கும். சாம்பார் கெட்டால் ஓரத்தில் நுரை கட்டும். இவற்றைக் கண்டதும் சாப்பிடுவதை நிறுத்தித் தட்டை அப்படியே வைத்துவிட வேண்டும். முழுவதையும் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் போய்ச் சொன்னால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சொல்லும் வாக்கியத்தில் குறையும் வேண்டும், தீர்வும் வேண்டும். “அண்ணே, சட்னி ஊசின வாடை அடிக்குது, மோந்து பாருங்க. வேற சட்னி கொண்டுவாங்க, இந்த இட்லியையும் மாத்திக் குடுங்க” என்றால் சர்வருக்குச் செய்ய வேண்டிய வேலை தெரிகிறது. “என்னய்யா சாப்பாடு இது?” என்ற கேள்விக்கு அவரால் தலைகுனிந்து நிற்கத்தான் முடியும். சமைத்தவர் அவர் அல்ல; பில்லில் கை வைக்கும் அதிகாரமும் பெரும்பாலும் அவருக்கு இல்லை. அவரிடம் குரலை உயர்த்துவது அநியாயம், பயனும் இல்லை. அவர் மழுப்பினால் சூப்பர்வைசரையோ கல்லாவில் இருப்பவரையோ கூப்பிட்டு, அதே வார்த்தைகளில் மறுபடி சொல்ல வேண்டும். மாற்றுத் தட்டு, பில்லில் அந்த ஐட்டத்தைக் கழிப்பது, பணத்தைத் திருப்புவது என்ற மூன்றில் எது வேண்டும் என்பதை வாடிக்கையாளரே சொல்லிவிடுவது நல்லது.

பேச்சு எப்படி முடிந்தாலும் பில்லை வாங்காமல் வெளியேறக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணை பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். புகாருக்கு அந்த எண் பெரிதும் உதவும். தட்டையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

நேரில் தீராததை அன்றே எழுத்தில் அனுப்ப வேண்டும். கோபத்தில் நாலு பக்கம் எழுதினால் யாரும் படிப்பதில்லை. இப்படி நாலைந்து வரி போதும்:

“இன்று இரவு 8 மணிக்கு உங்கள் ஓட்டலில் சாப்பிட்டோம். பில் எண் இது. பரிமாறிய சட்னி கெட்டிருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னபோது மாற்றித் தர மறுத்தார். அந்த ஐட்டத்துக்கான தொகையை 15 நாட்களுக்குள் திருப்பித் தரக் கோருகிறோம். பில்லும் படமும் இணைத்துள்ளோம்.”

இமெயிலோ பதிவுத் தபாலோ, அனுப்பியதற்குச் சான்று இருக்க வேண்டும். ஊழியரின் குணம், ஓட்டலின் பரம்பரை பற்றிய விமர்சனம் எதுவும் இதில் வேண்டாம்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். அங்கிருந்து நிறுவனத்துடன் பேசிச் சமரசத்துக்கு முயல்வார்கள். உணவு கெட்டிருந்தது, பூச்சி கிடந்தது, சமையலறை அசுத்தம் என்றால் போக வேண்டிய இடம் வேறு: மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை. சாப்பிட்டவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டது என்பதைச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். உடன் சாப்பிட்டவர்களுக்கும் அதே உபாதை இருந்தால் புகார் வலுப்படும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்ப முடியும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. சாப்பிட வந்தவருக்கு இது நடைமுறையில் கடினம் என்பதால், அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்படி உடனே புகார் செய்வதே மேல்.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. சின்னத் தொகைக்கு எதற்கு என்று தயங்குவோர் விழுப்புரம் வழக்கைப் பார்க்கலாம். 2022-ல் அங்கே ஒருவர் 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். எதிலும் ஊறுகாய் இல்லை. பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார், ஓட்டல் மறுத்தது. 2024-ல் ஆணையம் மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய் கொடுக்கும்படி ஓட்டலுக்கு உத்தரவிட்டது.