கம்பியில்லாத் தொடர்பு: எதற்கு எதைப் பாவிப்பது?



2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்று பாடம் படித்ததை நாம் மறக்கவில்லை. பாடசாலை திறந்த பிறகும் போன் வீட்டை விட்டுப் போகவில்லை. வினாத்தாள், பாடக் காணொளி, வங்கிச் செய்தி எல்லாம் அதில்தான் வருகிறது. "அரைப்பேர் சம்பளம் ரீலோட்டுக்கே போகுது" என்று சொல்கிற வீடுகளும் உண்டு. போனில் உள்ள கம்பியில்லாத் தொடர்புகள் எவை, எது எதற்கு உதவும் என்று தெரிந்தால் அந்தக் காசில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம்.

போன், தகவலை வானொலி அலையாக மாற்றி அனுப்புகிறது. வாங்கும் கருவி அதை மறுபடி தகவலாக்குகிறது. றேடியோப் பெட்டியில் பாட்டு வருவதும் இந்த அலையில்தான். றேடியோவில் கேட்க மட்டும் முடியும். போனில் அனுப்பவும் முடியும். அலை எட்டும் தூரம்தான் வகைக்கு வகை வேறுபடும்.

1. புளூடூத்: சாதாரணமாக 10 மீற்றர் அளவு எட்டும். ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குப் படம், வினாத்தாள் அனுப்பலாம். டேட்டா செலவில்லை. ஆனால் வேகம் குறைவு.

2. வைபை: ஒரு வீடு, ஒரு வகுப்பறை அளவுக்கு எட்டும். வைபைப் பெட்டி தானாக இணையத்தை உண்டாக்குவதில்லை. கம்பி வழியாகவோ கோபுரத்திலிருந்தோ வருவதைப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதனால் வைபை அடையாளம் நிறைந்திருந்தும் இணையம் வராமல் இருக்கலாம். ஒரு போனின் டேட்டாவை மற்றப் போன்களுக்குக் கொடுக்கும் 'ஹொட்ஸ்பொட்'டும் வைபைதான். செலவு கொடுக்கிற போனுக்கு.

3. கோபுரச் சிக்னல்: பல கிலோமீற்றர் எட்டும். ஆனால் மலை குறுக்கே நின்றால் மறைந்துவிடும். தகரக் கூரையும் அலையைத் தடுக்கும். உள்காம்பிராவில் கிடைக்காத சிக்னல் இஸ்தோப்பில் கிடைப்பது இதனால்தான்.

4. செய்மதி இணையம்: ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. உயரத்தில் சுற்றும் செய்மதிகளிலிருந்து வருவதால் கோபுரம் எட்டாத இடத்துக்கும் உதவும். வானம் தடையில்லாமல் தெரிய வேண்டும். ஒரு குடும்பத்துக்குச் செலவு அதிகம். பாடசாலை போன்ற பொது இடத்துக்குப் பொருந்தும்.

மிச்சம் பிடிப்பது எப்படி?

ஒரு பாடக் காணொளி 200 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரே லயத்தில் பத்து வீட்டுப் பிள்ளைகள் தனித்தனியாக இறக்கினால் 2000 எம்பி போகும். சிக்னல் நல்ல இடத்தில் ஒரு பிள்ளை இறக்கி மற்ற ஒன்பது பேருக்கும் அனுப்பினால் செலவு 200 எம்பி மட்டும். சிறிய வினாத்தாளுக்குப் புளூடூத் போதும். பெரிய காணொளிக்கு அண்ட்ரொய்ட் போன்களில் உள்ள 'குயிக் ஷெயார்' நல்லது. பக்கத்தில் உள்ள போனைக் கண்டுபிடித்து வைபை அலையில் வேகமாக அனுப்பும். அனுப்பும்போது டேட்டாவை நிறுத்தி வையுங்கள்.

கவனம்!

வேலை முடிந்ததும் புளூடூத்தையும் ஹொட்ஸ்பொட்டையும் அணைத்துவிடுங்கள். தெரியாத போனிலிருந்து வரும் கோரிக்கைக்கு 'சரி' கொடுக்க வேண்டாம். டவுண் கடை வைபையில் வங்கி வேலை பார்க்க வேண்டாம். "காசு விழுந்திருக்கு, இலக்கத்தைச் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும், போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லக் கூடாது. சொன்னால் சேமிப்பு முழுவதும் போய்விடலாம்.

மழைக்காலத்தில்

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியால் மலையகத்தில் மண் சரிந்தது. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. மின்சாரம் நின்றால் கோபுரம் பற்றரியில் சில மணி நேரம்தான் ஓடும். ஆகவே பற்றரி போட்ட சின்ன றேடியோ ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். மழை பலக்கும் முன்பே போனுக்குச் சார்ஜ் ஏற்றுங்கள். அழைப்புப் போகாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். சிலவேளை அது போய்ச் சேரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள். ஆனால் சுவர் வெடித்தாலோ, மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தாலோ சிக்னலுக்குக் காத்திராமல் உடனே வெளியேறுங்கள்.

பிள்ளைகளுக்குக் கேள்வி

1. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வினாத்தாள் அனுப்ப எது சிக்கனம்?
2. வைபை அடையாளம் இருந்தும் இணையம் வராதது ஏன்?
3. உங்கள் வீட்டில் எந்த இடத்தில் சிக்னல் கூட? காரணம் என்ன?

விடைகளை அம்மா அப்பாவுக்கும் விளங்கப்படுத்துங்கள்.