எல்லை தாண்டும் லாரியில் எத்தனை மூட்டை?

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்திற்குக் காய்கறி அனுப்பச் சிலர் சேர்ந்து லாரி பிடிப்பதுண்டு. வாடகை பேசுமுன் லாரியின் பதிவுச் சான்றை வாங்கிப் பாருங்கள். மொத்த எடை 18,500 கிலோ, வெற்று எடை 6,500 கிலோ எனில் ஏற்றத்தக்கது 12,000 கிலோவே. 50 கிலோ மூட்டையானால் 240. ஓட்டுநர், உடன் செல்வோர், தார்ப்பாய் எடையும் இதற்குள் அடங்க வேண்டும். ஆகவே 230 மூட்டையோடு நிறுத்துவது நலம்.

மீறினால், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மிகுதிச் சரக்கையும் இறக்கிவிட வேண்டும். நடுவழியில் இறக்கிய வெண்டைக்காயை யார் வாங்குவார்?

பெர்மிட் கேரளத்திற்குச் செல்லுமா, தகுதிச் சான்றும் இன்சூரன்சும் நடப்பில் உள்ளனவா என்றும் கவனியுங்கள். பதப்படுத்தாத காய்கறிக்கு ஈ-வே பில் தேவையில்லை. எனினும் அனுப்புநர், பெறுநர், எடை குறித்த சீட்டு ஒன்று ஓட்டுநரிடம் இருக்கட்டும்.

சரக்கோடு செல்பவர் கேபினில்தான் அமர வேண்டும். மூட்டைமேல் படுத்துச் செல்லும் வழக்கத்தை இன்றே விடுங்கள். சரக்கின் உரிமையாளருக்கு 1994ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த இன்சூரன்சு பாதுகாப்பு, மூட்டைமேல் இருந்து விழுந்தவர் குடும்பத்திற்குக் கிடைப்பது அரிது.

ஓட்டுநர் 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த விதி. அந்த ஓய்வையும் கணக்கிட்டே புறப்படும் நேரத்தைக் குறியுங்கள்.