பறக்கும் கார் வந்தது, வாங்கத்தான் ஆள் போதவில்லை

கல்லூரி ஆண்டு விழாவோ தொழில்முனைவோர் கூட்டமோ, மேடையேறும் சிறப்பு விருந்தினர்களுக்கென்றே ஒரு கதை இருக்கிறது. 1899ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஆணையராக இருந்த சார்லஸ் டூயெல், கண்டுபிடிக்க வேண்டியதையெல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி அலுவலகத்தை இழுத்து மூடிவிடலாம் என்று அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டாராம். அரங்கம் சிரிக்கும். விருந்தினர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்.

கதையில் ஒரே ஒரு குறை. டூயெல் அப்படி எதையும் எழுதவில்லை.

அவருடைய அலுவலகம் அப்போது ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வழங்கிக்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம் அலைமோதும் கடையை எந்த முதலாளி மூடுவார்? யாரோ ஓர் ஆணையர் வேலையில்லாமல் போய்விடும் என்று பயந்தார் என்ற வதந்தி வெகுநாளாகவே உலவியது. அதன் மூலத்தைத் தேடி 1940இல் ஈபர் ஜெஃப்ரி என்பவர் பழைய ஆவணங்களைப் புரட்டினார். கிடைத்தது 1843ஆம் ஆண்டு அறிக்கையில் ஹென்றி எல்ஸ்வொர்த் என்ற ஆணையர் எழுதிய ஒரே ஒரு வரி. வந்து குவியும் கண்டுபிடிப்புகளைப் பார்த்தால் மனித முன்னேற்றத்துக்கு எல்லையே வந்துவிடும்போல இருக்கிறதே என்று அவர் அதில் வியந்திருந்தார். கல்யாண வீட்டில் “ஊரே வந்துடுச்சு” என்கிறோமே, அந்த மாதிரி வியப்பு. யாரும் ஊரில் போய் ஆள் கணக்கெடுப்பதில்லை. டூயெலின் பெயரும் 1899 என்ற தேதியும் அதற்கெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

நம்பிக்கை: அந்தக் காலத்து மேதாவிகள் எதிர்காலம் புரியாமல் உளறினார்கள்

டூயெலுக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்ந்திருக்கிறது. உலகத்துக்கே ஐந்து கணினி போதும் என்று ஐபிஎம் நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சன் 1943இல் சொன்னதாகப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அப்படிச் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. சான்று இருப்பது வேறொன்றுக்கு. 1953இல் அவருடைய மகன் வாட்சன் ஜூனியர் பங்குதாரர்களிடம் ஒரு கணக்குச் சொன்னார்: ‘701’ என்ற புதிய இயந்திரத்தைப் பற்றி இருபது நிறுவனங்களிடம் பேசப் போனோம், ஐந்து ஆர்டர் தேறும் என்று நினைத்தோம், பதினெட்டோடு திரும்பினோம். எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போன வியாபாரத்தின் பெருமிதம் அது. காலப்போக்கில் பதினெட்டு உதிர்ந்துபோய் ஐந்து மட்டும் தங்கிவிட்டது.

640 கே நினைவகம் யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாகவும் ஒரு வழக்கு. எங்கே, எப்போது என்று இதுவரை யாரும் காட்டியதில்லை. அவரும் மறுத்துவிட்டார். வீட்டில் எவருக்கும் கணினி வேண்டியதில்லை என்று 1977இல் கணினி நிறுவனத் தலைவர் கென் ஓல்சன் சொன்னதென்னவோ உண்மை. ஆனால் அவர் பேசியது விளக்கு, கதவு, சமையலறை எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைத்து வீட்டையே நடத்தும் கணினியைப் பற்றி. மேசைமேல் வைக்கும் கணினியை அவர் சொல்லவில்லை.

முன்னோர் முட்டாள்களாக இருந்தால் நமக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது, வேறென்ன? அவர்கள் உண்மையிலேயே சறுக்கிய இடங்கள் வேறு. அங்கே சிரிக்க வேண்டியது அதிகமில்லை, கவனிக்க வேண்டியதுதான் நிறைய.

நம்பிக்கை: பறக்கும் காரைச் செய்யவே முடியவில்லை

செய்தார்கள். பறக்கவும் பறந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மோல்ட் டெய்லர் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘ஏரோகார்’ 1949இல் முதன்முறையாக வானில் ஏறியது. 1956இல் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் சான்றிதழும் கிடைத்தது. இறக்கைகளையும் வாலையும் கழற்றி மடக்கி வண்டிக்குப் பின்னால் கோத்துவிட்டால், டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் போவதுபோல அவை சாலையில் இழுபட்டு வரும். இறங்கிய இடத்திலிருந்து அதே வண்டியில் வீட்டுக்குப் போகலாம். தொலைக்காட்சி நடிகர் பாப் கம்மிங்ஸ் தன் தொடரிலேயே ஓட்டிக்காட்டினார்.

ஒரு பெரிய தொழிற்சாலை மொத்தமாகத் தயாரித்துத் தரவும் முன்வந்தது. நிபந்தனை ஒன்றுதான், 500 பேராவது முன்பதிவு செய்ய வேண்டும். அதில் பாதியளவே தேறியது. ஆறு வண்டிகளோடு கதை முடிந்தது.

ஏன் முடிந்தது என்பது ஓட்டிப் பார்க்க நினைப்பவருக்குத் தெரியும். விமானத்துக்கு எடை குறைவாக இருக்க வேண்டும், காருக்கு இடிபட்டால் தாங்கும் உடம்பு வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் சுமாரான காரும் சுமாரான விமானமும் கிடைக்கும், இரண்டையும் தனித்தனியாக வாங்கும் விலையில். ஓட்டுநருக்கு விமானி உரிமம் வேண்டும். கிளம்ப ஓடுபாதை வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் எல்லோரையும் போலச் சாலையில்தான் வர வேண்டும், அதுவும் இறக்கையை இழுத்துக்கொண்டு. எதிர்காலத்தை வரைந்த ஓவியர்கள் காரை வானத்தில் வரைந்தார்கள். பார்க்கிங்கை யாரும் வரையவில்லை.

நம்பிக்கை: முகம் பார்த்துப் பேசுவது இந்தத் தலைமுறையின் புதுமை

1964, நியூயார்க் உலகக் கண்காட்சி. ‘பிக்சர்ஃபோன்’ என்ற கருவியை ஏடி அண்ட் டி நிறுவனம் அங்கே காட்சிக்கு வைத்தது. அதே ஆண்டு நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில் பொதுமக்களுக்கான சாவடிகளும் திறக்கப்பட்டன. நம் ஊர் எஸ்டிடி பூத் போலத்தான், முகம் தெரியும் என்பது மட்டும் வித்தியாசம். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையில் பேசுகிறவரும் தன் ஊர்ச் சாவடிக்கு வந்து காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு, ஊரைப் பொறுத்து, 16 முதல் 27 டாலர்.

1970இல் பிட்ஸ்பர்க் நகரில் அலுவலகங்களுக்கான சேவை தொடங்கியது. எட்டு நிறுவனங்கள், 38 கருவிகள், ஒரு கருவிக்கு மாதம் 160 டாலர். 1980க்குள் பத்து லட்சம் கருவிகள் புழங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே கடையைக் கட்டினார்கள்.

விலை ஒரு காரணம். அதைவிடச் சங்கடமானது வேறு. தெருவில் முதல் ஆளாகப் படத்தொலைபேசி வாங்குகிறவர் யாரை அழைப்பார்? தலைவாராமல் கைலியோடு உட்கார்ந்திருக்கும்போது மணி அடித்தால் யார் எடுப்பார்? இந்த இரண்டாவது கேள்வியைப் பொறியாளர்களுக்கு முன்பே கார்ட்டூன்காரர்கள் கேட்டுவிட்டார்கள். 1962இல் வந்த ‘தி ஜெட்சன்ஸ்’ தொடரில் வீட்டுத் தலைவி, காலையில் திரையில் தோன்றுவதற்கு முன் அலங்காரம் செய்த முகமூடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வாள்.

இன்று வளைகுடாவில் வேலை செய்கிறவர் கைபேசியில் குழந்தை முகம் பார்க்காமல் தூங்குவதில்லை. அதே ஆள் மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். காசில்லாமல், ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கிற ஒன்றாக, வேண்டாதபோது அணைத்துக்கொள்ளும் வசதியோடு வந்தபோதுதான் அந்தக் கருவி பிழைத்தது.

நம்பிக்கை: ஆர்தர் கிளார்க் செயற்கைக்கோளை அப்படியே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்

பாதி சரி. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ என்ற பிரிட்டிஷ் இதழில் தன் கட்டுரை வந்தபோது அறிவியல் புனைகதை எழுத்தாளர் கிளார்க்குக்கு 27 வயது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருள் பூமியோடு சேர்ந்தே சுழலும் என்பதால் தரையிலிருந்து பார்க்க அது அசையாமல் நிற்கும். அப்படி மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம். கணக்கு கச்சிதம். 1964இல் ‘சின்காம் 3’ அந்த உயரத்தில் நின்றபடி டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்கு அனுப்பியது.

ஆனால் கிளார்க் மனத்தில் இருந்தவை ஆட்கள் குடியிருக்கும் நிலையங்கள். காரணம், வால்வு. அக்கால வானொலிப் பெட்டிக்குள் பல்பு மாதிரி சிவந்து எரியுமே, அதே வால்வுதான். அது அடிக்கடி பீஸ் போகும். போனால் மாற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சாப்பாடு, காற்று, ஊருக்குத் திரும்ப ராக்கெட் எல்லாம் வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1947 டிசம்பரில், பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் வேலை செய்யத் தொடங்கியது. வால்வு மாற்றும் ஆளுக்கு வேலை போயிற்று. வானளவு யோசித்தவரின் கண்ணுக்கு விரல்நுனி அளவுப் பொருள் ஒன்று தப்பிவிட்டது.

கிளார்க் 1956இலேயே இலங்கையில் குடியேறிவிட்டார். 1975இல் இந்தியா, ‘சைட்’ திட்டத்தின்கீழ் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியபோது, இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்குப் போய் அவர் வீட்டிலும் ஓர் ஆண்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் என்ற ஒன்று வந்ததே 1979இல்தான். நாட்டில் ஒளிபரப்பே இல்லாத காலத்தில், தான் முப்பது ஆண்டுகளுக்கு முன் தாளில் வரைந்த வழியில் வந்த படத்தை அவர் தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அதே கிளார்க் 1964இல் பிபிசி நிகழ்ச்சியில் இரண்டு ஆரூடம் சொன்னார். லண்டனில் பார்க்கிற வேலையைப் பாலித் தீவில் இருந்தபடியே பார்க்கலாம், எடின்பரோவில் இருக்கும் மருத்துவர் நியூசிலாந்து நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்பது ஒன்று. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்திருந்த அறுவை மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ கை கொண்டு அகற்றியே விட்டார். இன்னோர் ஆரூடம், வீட்டுவேலைக்கு ஆள் கிடைக்காத குறையைப் பழக்கிய குரங்குகள் தீர்த்துவைக்கும் என்பது. கிளார்க்கைக் கொண்டாடும் கட்டுரைகளில் குரங்கு பெரும்பாலும் வருவதில்லை.

நம்பிக்கை: தொழில்நுட்பம் முன்னால்தான் போகும்

2003 வரை லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘கான்கார்டு’ விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். இப்போது ஏழு, எட்டு மணி நேரம். பான் ஆம் விமான நிறுவனம் நிலாப் பயணத்துக்குப் பெயர் பதிந்தவர்களுக்கு எண் போட்ட உறுப்பினர் அட்டையே கொடுத்தது, 93,000க்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். 1972 டிசம்பரோடு நிலவில் மனிதர் நடமாட்டம் நின்றது. 1991இல் பான் ஆமே மூடிவிட்டது. அட்டை மட்டும் பலர் வீட்டு அலமாரியில் தங்கிப்போனது.

நம்பிக்கை: விஞ்ஞானி தேதி சொன்னால் தப்பாது

1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, அணுக்கரு இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தி எடுக்கும் வழி இருபதாண்டுக்குள் கிடைத்துவிடும் என்றார். கணக்குப்படி 1975. பத்துக் கோடி டிகிரிக்குச் சூடேறிய வாயுவைக் காந்தப்புலத்தால் இறுக்கிப் பிடித்தால், பிசைந்த மாவு விரலிடுக்கில் பிதுங்குவதுபோல எங்காவது பிதுங்கிக்கொண்டு வெளியேறும். அந்தப் பிதுங்கல் எத்தனை வகை என்பதே பிற்பாடுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

காந்தத்தை விட்டுவிட்டு லேசர் வழியில் போன அமெரிக்க ஆய்வகம் ஒன்று 2022 டிசம்பரில் 2.05 மெகாஜூல் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் எடுத்தது. உலகம் கைதட்டியது, நியாயந்தான். அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து வாங்கியது சுமார் 300 மெகாஜூல் என்பது செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தது.

பாபாவாவது கவனமாகப் பேசினார். அதே 1955இல் அமெரிக்காவின் தூசு உறிஞ்சி தயாரிப்பாளர் அலெக்ஸ் லூவிட், பத்தாண்டுக்குள் அணுசக்தியில் ஓடும் தூசு உறிஞ்சிகள் வந்துவிடும் என்று அறிவித்தார். வராதவரை நல்லது.

நம்பிக்கை: எதிர்காலத்தைக் கற்பனை செய்தது மேற்கத்திய ஆண்கள்தான்

1905இல் சென்னையில் ஓர் ஆங்கில மாத இதழ் வந்துகொண்டிருந்தது. பெயர் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’, ஆசிரியர் கமலா சத்தியநாதன். அதில் பீகாரின் பாகல்பூரிலிருந்து ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற இளம்பெண் எழுதிய கதை ஒன்று வெளியானது: ‘சுல்தானாவின் கனவு’. பெண்கள் ஆளும் நாடு அது. ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். வானூர்தி மின்சாரத்தில் ஓடும். ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் பலூனில் குழாய் பொருத்தி மேகத்திலிருந்தே நீரை இறக்கிக்கொள்வார்கள். இன்னொரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் வெயிலின் சூட்டைச் சேர்த்துவைப்பார்கள். சமையலறையில் கரியும் இல்லை, புகையும் இல்லை, அடுப்பு வெயிலில் எரியும்.

ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிராத நேரம். ஊதுகுழலோடு விறகடுப்பின் முன் உட்கார்ந்து கண் எரிந்த ஒருத்திக்குத்தான் சூரியனைச் சமையலறைக்குக் கொண்டுவரத் தோன்றும். ஆண்கள் எழுதிய எதிர்காலங்களில் ராக்கெட் நிறைய, அடுப்பு குறைவு.

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் திறக்கப்பட்ட சூரிய மின்நிலையம் 648 மெகாவாட் திறனுள்ளது. அங்கே தகடுகளில் படியும் தூசியைத் துடைப்பதும் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் இயந்திரங்களே. ரொக்கையாவின் சமையலறைக்கு இன்னும் நெருக்கமான சொந்தம், விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் இருக்கிறது. பொதுச் சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரும் கிண்ணம், உட்புறமெல்லாம் கண்ணாடித் துண்டுகள். வெயிலைக் குவித்து நீராவியாக்கி, ஒரு வேளைக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் அளவில் அதைக் கட்டினார்கள்.

மேகத்தைக் குழாய் போட்டு இறக்கும் பலூன் மட்டும் இன்னும் யாருக்கும் கைகூடவில்லை. அதனால் மழை மூட்டம் போட்ட நாளுக்கென்று, ஆரோவில் கூடத்தில் டீசலில் எரியும் கொதிகலன் ஒன்றையும் சேர்த்தே வைத்தார்கள்.