நாய்ச் சண்டையில் கையை விடாதீங்க!



பட்டிக்கும் வீட்டுக்கும் காவலாக நாய் வளர்க்கிறோம. இரண்டு நாய் கடித்துக்கொண்டால் பதறிப்போய் நடுவில் கையை விடுகிறோம். சண்டை ஆவேசத்தில் இருக்கும் நாய்க்கு அது சோறு போட்ட கை என்று தெரியாது.

சண்டை நடக்கும்போது: ஒரு வாளித் தண்ணீரை மேலே வீசுங்கள். தட்டி இருந்தால் நடுவில் நுழைத்துப் பிரியுங்கள். கம்பால் அடித்தால் ஆவேசம்தான் கூடும்.

ஏன் சண்டை? சோறு, எலும்பு, படுக்கும் இடம், பருவத்துக்கு வந்த பெட்டை இவைதான் பெரும்பாலும் காரணம். உடம்பில் வலி இருந்தாலும் சீறும். கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். குணம் திடீரென மாறி, எச்சில் வடிந்தால் வெறிநோயாக இருக்கலாம். கிட்டேயே போகாதீங்க, உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

பழக்கும் முறை:

1. சில நாள் ஒன்றையொன்று பார்க்காதபடி கட்டி, தனித்தனியாகச் சோறு வையுங்கள்.

2. பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு நாயைக் கயிற்றில் பிடித்து, தூரம் விட்டு நடத்துங்கள். அமைதியாக இருந்தால் முட்டைத் துண்டு கொடுங்கள். உறுமினால் தூரத்தைக் கூட்டுங்கள்.

3. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க விடுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். சில நாய்கள் சேரவே சேராது. அவற்றைப் பிரித்தே வளர்க்க வேண்டும்.

கடிபட்டால்: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம்; ஒரு தவணையும் விடாதீங்க. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது.

குழுவில் பேசுங்கள்: நம் தெருவில் எத்தனை நாய்களுக்கு இந்த வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாச்சு?