கடைசித் துளி: கண் தியேட்டருக்குப் புதிதாய் வரும் பிள்ளைகளுக்கு

1. கிருமியைச் சுவரிலே தேடாதேங்கோ. பெரும்பாலும் அது நோயாளியின்ர இமையோரத்திலேதான் குடியிருக்குது. வெட்டுக்கு முன்னம் 5 வீத பொவிடோன் அயடீனைக் கண்ணில விட்டு மூன்று நிமிடம் பொறுங்கோ. லிஸ்ட் நீளமெண்டு அந்த மூன்று நிமிடத்தைக் களவெடுக்கிறவரை நான் மதிக்கிறதில்லை.

2. புரையை எடுத்து வில்லை வைத்து முடிந்ததும், நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணின் முன்னறைக்குள்ளேயே விடுற வழக்கத்தைச் சிலர் புதுமோடி எண்டு நினைக்கினம். மதுரைக் கணக்கைப் பாருங்கோ. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 கட்டிலோட தொடங்கின அரவிந்த் கண் மருத்துவமனை, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட கண்களின்ர கணக்கை 2017-ல் வெளியிட்டது. மொக்ஸிஃப்ளொக்ஸசின் உள்ளே விடாத காலத்தில் 10,000 கண்ணுக்கு 7 கண்ணில உட்தொற்று. விட்ட பிறகு 2. பின் உறை கிழிந்த கண்களிலே அது 48, பிறகு 21. உறை கிழிந்த பதற்றத்திலேதான் இந்தத் துளி மறந்துபோகும். அந்த நேரம் நினைவுபடுத்த வேண்டியது உங்கட வேலை.

3. எங்கட கிராமப் பக்கத்துக்கு இந்த உள்மருந்து பட்டணத்தைவிடக் கூடத் தேவை. உயிலங்குளத்து ஆச்சிக்கு வீட்டில சொட்டு மருந்து விடச் சொல்லி அனுப்புவம். கை நடுங்கும், பாதி கன்னத்தில வழியும். பேரப்பிள்ளை வயலுக்குப் போயிருக்கும். தியேட்டரிலே உள்ளே விட்ட மருந்து கன்னத்தில வழியாது. ஆனால் அது ஒரு நாளைக்குள்ளே கரைந்துபோகும். அதனால் சொட்டையும் விடத்தான் வேணும். வெட்டின கண்ணுக்குக் குளத்து முழுக்கும் சூடடிக்கிற களத்துத் தூசும் ஆகாது.

4. அளவு. ஐரோப்பிய ஆய்வில் செஃபுரோக்சைம் உட்தொற்றை ஏறக்குறைய ஐந்திலொன்றாகக் குறைத்தது உண்மை. ஆனால் அது 1 மில்லிகிராம்தான். குப்பியிலோ 750 இருக்கும். கரைப்பதிலே பிழைத்தால் விழித்திரை கெடும். மொக்ஸிஃப்ளொக்ஸசின் 0.5 வீதமெண்டால் 0.1 மில்லிலீற்றர், அவ்வளவுதான். ஒருக்கா ஒரு பிள்ளை அவசரத்திலே, பதப்படுத்தும் பொருள் கலந்த சாதாரண சொட்டுப் போத்தலை எடுத்துவிட்டது. கையைப் பிடித்தேன். திட்டவில்லை; லேபலை உரத்து வாசிக்கச் சொன்னேன். அண்டைக்கிருந்து இரண்டு பேர் உரத்து வாசிக்காமல் ஊசி மேசைக்கு வந்ததில்லை.

5. வன்கோமைசினைத் தொற்றுத் தடுப்புக்காக உள்ளே விடாதேங்கோ. விழித்திரை இரத்தக்குழாய்கள் அடைபட்டுப் பார்வை போனதாலே 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகமே எச்சரித்தது.

6. மருந்தின்ர தொகுதி இலக்கத்தை நோயாளியின்ர அட்டையிலே எழுதுங்கோ. 2023-ல் நுவரெலியாவிலே புரை வெட்டினவர்களுக்குச் சொட்டு மருந்தாலேயே கண் கெட்டது ஞாபகமிருக்கும். மருந்தைத் திருப்பியெடுக்கிற நாளிலே எழுதி வைத்த அந்த இலக்கந்தான் கைகொடுக்கும்.

7. மூன்றாம் நாள் ஒருவர் போன் எடுத்து, "கண் நோகுது, முந்தாநாள் தெரிஞ்ச அளவுக்கு இப்ப தெரியேல்லை" எண்டால், அடுத்த கிளினிக் நாளைச் சொல்லி வைக்காதேங்கோ. பஸ் போயிற்றுதெண்டால் ஓட்டோ பிடித்து இரவோடிரவா வரச் சொல்லுங்கோ. வரும்வரை டொக்டரையும் எழுப்பி வையுங்கோ.