வாத்துகளுக்கு இரவுக் கொட்டில்: அமைப்பும் பராமரிப்பும்

தேனி மாவட்டம் தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை ஆகிய ஊர்கள் ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்தவை. இப்பகுதியில் தென்னந்தோப்பும் கிணற்றுப் பாசனத் தோட்டமும் உள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு வாத்துகளை எளிதாக வளர்க்கலாம். பகல் முழுவதும் வாய்க்காலிலும் வரப்பிலும் நத்தை, புழு, பூச்சி, களைவிதை, சிந்திய தானியம் ஆகியவற்றை மேய்ந்து பெரும்பகுதித் தீவனத்தை வாத்துகளே தேடிக்கொள்ளும். ஆகவே பகலில் செலவும் குறைவு, கவலையும் குறைவு. இழப்பு நேர்வது பெரும்பாலும் இரவில்தான். மாலையில் எண்ணி அடைத்த வாத்துகளில் காலையில் பாதி இல்லை என்றால், ஆறு மாத உழைப்பு ஒரே இரவில் வீணாகிவிடும். அத்துடன் வீட்டுப் பெண்களின் கையில் புழங்கும் முட்டைக் காசும் நின்றுவிடும். எனவே வாத்து வாங்குவதற்கு முன்பே இரவுக் கொட்டிலைக் கட்டி முடித்துவிட வேண்டும்.

முட்டைக்கும் கொட்டிலுக்கும் உள்ள தொடர்பு

கோழி பகலில் முட்டையிடும். வாத்து அப்படி அல்ல. பெரும்பாலான வாத்துகள் பின்னிரவிலிருந்து காலை 9 மணிக்குள் முட்டையிட்டு முடித்துவிடும். இதை அறியாமல் விடியற்காலையிலேயே கொட்டிலைத் திறந்துவிட்டால், வாத்துகள் வாய்க்கால் கரையிலும் புதரிலும் தண்ணீரிலும் முட்டையிட்டுவிடும். அந்த முட்டைகள் காகத்துக்கும் கீரிக்கும் உடும்புக்கும் இரையாகும்.

பத்துப் பெட்டை வாத்துகள் நாளொன்றுக்கு 6 முட்டைகள் இடுவதாகக் கொள்வோம். அவற்றில் 2 முட்டைகள் வெளியே தவறினால் மாதத்துக்கு 60 முட்டைகள் போய்விடும். கொட்டிலை 9 மணிக்குத் திறப்பதால் மட்டுமே இந்த இழப்பைத் தவிர்க்கலாம். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

அறுவடை முடிந்த நெல் வயல்களில் பெரும் மந்தைகளை மேய்ப்பவர்கள் இதை நன்கு அறிவர். அவர்கள் மாலையில் மேடான இடத்தில் வலை கட்டி மந்தையை அடைத்து, அருகிலேயே படுத்துக் காவல் இருப்பர். காலையில் அந்த அடைப்புக்குள் முட்டைகளைப் பொறுக்கிய பிறகே மந்தையை வயலுக்கு ஓட்டுவர். வீட்டில் வளர்ப்பவர் இரவெல்லாம் காவல் இருக்க இயலாது. அந்தக் காவலைக் கொட்டில்தான் செய்ய வேண்டும்.

இடமும் அளவும்

கொட்டில் அமைக்கும் இடம் சுற்றுப்புறத்தைவிட ஓரளவு மேடாகவும் மழைநீர் தேங்காததாகவும் இருக்க வேண்டும். வீட்டில் படுப்பவர்களின் காதுக்குச் சத்தம் எட்டும் தூரத்தில் இருப்பது நல்லது. தோப்பின் கோடியில், புதரை ஒட்டிக் கட்டுவது கூடாது. கொட்டிலைச் சுற்றி பத்தடி தூரத்துக்குச் செடி கொடிகள் இல்லாமல் சுத்தமாக வைக்க வேண்டும்.

இரவில் மட்டும் அடைப்பதற்கு ஒரு வாத்துக்கு 3 சதுர அடி இடம் தேவை. பத்துப் பெட்டையும் இரண்டு ஆணுமாகப் பன்னிரண்டு வாத்துகளுக்கு 36 சதுர அடி போதும். 9 அடி நீளம், 4 அடி அகலத்தில் கட்டினால் வெளியில் நின்றபடியே கைநீட்டிச் சுத்தம் செய்யலாம். உயரம் முன்புறம் நாலரை அடியும் பின்புறம் மூன்றரை அடியும் இருந்தால் மழைநீர் வழிந்தோடும். வாத்து பரணில் ஏறி உறங்காது. ஆகவே கோழிக்கு வைப்பதுபோலக் குறுக்குக் கம்புகள் தேவையில்லை. தரைதான் அதன் படுக்கை.

நீளவாட்டு கிழக்கு மேற்காக அமைய வேண்டும். இப்பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் மேற்குக் காற்று பலமாக வீசும். எனவே மேற்குச் சுவரைக் கூரை வரை மூடிக் கட்டிவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வடக்குப் பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டு, மழை நின்றதும் சுருட்டிவிடலாம். வாசல் தெற்குப் பார்த்து இருப்பது நலம். மற்றப் பக்கங்களில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சுவரும், அதற்கு மேல் கம்பி வலையும் இருக்க வேண்டும்.

காற்றோட்டத்தை மறந்து நான்கு பக்கமும் அடைத்துவிடுவது பலர் செய்யும் தவறு. வாத்தின் எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். அடைபட்ட கொட்டிலில் இந்த ஈரம் வெளியேற வழியின்றி அம்மோனியா நெடி கிளம்பும். காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தால், வாத்தின் கண்ணும் நுரையீரலும் இரவு முழுவதும் அதை அனுபவித்திருக்கின்றன என்று பொருள்.

இரவு எதிரிகள்

கீரி, காட்டுப்பூனை, மரநாய், நரி, பெருச்சாளி, பாம்பு, தெருநாய் ஆகியவை வாத்துக்கு எதிரிகள். வாத்துக்குக் கூரிய நகமோ அலகோ இல்லை. நாட்டு வாத்தாலும் காக்கி கேம்பல் வாத்தாலும் மரத்தில் ஏறித் தப்பவும் முடியாது. வெளியில் தங்கிய வாத்து விடியும்வரை பிழைத்திருப்பது அதிர்ஷ்டமே. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைப்பதும் போதிய காவல் ஆகாது. நாய் கல்லைத் தள்ளிவிடும்; பெருச்சாளி அடியில் தோண்டிவிடும்.

கோழி வலை எனப்படும் மெல்லிய அறுகோண வலை வாத்துகளை உள்ளே நிறுத்தி வைக்க உதவுமே தவிர, நாயின் பல்லைத் தாங்காது. அதன் அகன்ற கண்ணில் மரநாய் காலை நுழைத்து வாத்தின் தலையை இழுத்துவிடும். ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பி வலையையே பயன்படுத்த வேண்டும். விலை சற்று அதிகம்தான். ஆனால் அது பல ஆண்டுகள் உழைக்கும். பாம்பையும் பெருச்சாளியையும் அதுவே தடுக்கும்.

தோண்டி நுழையும் பிராணிகளைத் தடுக்க, சுவரைச் சுற்றி ஓரடி ஆழத்துக்கு வலையைப் புதைக்கலாம். பாறை நிலமாக இருந்தால் வலையைச் சுவரிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் விரித்து, அதன்மேல் கல் அடுக்கிவிடலாம். தென்னங்கீற்றுக் கூரை குளிர்ச்சியானது, செலவும் குறைவு. ஆனால் மரநாய் கீற்றைப் பிரித்து இறங்கிவிடும். ஆகவே கீற்றுக்கு அடியிலும் வலை அடிக்க வேண்டும். கதவுக்கு மேலும் கீழும் இரண்டு கொண்டிகள் தேவை. கதவின் இடுக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

வனத்தை ஒட்டிய தோட்டங்களில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. தவிடு, மக்காச்சோள மூட்டைகளைக் கொட்டிலருகே அடுக்கினால் அந்த வாசனைக்கு யானையும் காட்டுப்பன்றியும் வந்துவிடும். தீவனத்தை வீட்டுக்குள் மூடிய டிரம்மில் வைக்க வேண்டும். கொட்டிலைச் சுற்றி மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும், கண்ணி, விஷம் வைப்பதும் அறவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்கீழ் தண்டனைக்கு உள்ளாவதோடு, வீட்டுப் பிள்ளைகளின் உயிருக்கும் அது ஆபத்து. வலுவான வலையும் கொண்டியும் இருந்தால் இவை எதுவும் தேவைப்படாது.

தரையும் படுக்கையும்

சொரசொரப்பான சிமென்ட் தரையும் கூரான கற்களும் வாத்தின் பாதத்தைக் கிழித்துவிடும். காயத்தில் அழுக்கு சேர்ந்து பாதம் வீங்கி, வாத்து நொண்டத் தொடங்கும். வழவழப்பாகப் பூசிய தரை அல்லது கெட்டித்த மண் தரையின் மீது 3 அங்குல உயரத்துக்கு நெல் உமி, நிலக்கடலைத் தோல், மரத்தூள் ஆகியவற்றில் மலிவாகக் கிடைப்பதைப் பரப்பலாம். தினமும் காலையில் கிளறி, ஈரமான பகுதியை அள்ளிவிட்டுப் புதிய உமியைத் தூவ வேண்டும். பூஞ்சணம் பிடித்த உமியைப் பரப்பினால் வாத்துகளுக்கு மூச்சுக் கோளாறு வரும். அள்ளிய குப்பையை மக்கவைத்துத் தென்னைக்கு இடலாம்.

கோழிகளையும் வாத்துகளையும் ஒரே கொட்டிலில் அடைப்பது நல்லதல்ல. வாத்து ஏற்படுத்தும் ஈரத்தில் கோழிக்கு இரத்தக் கழிச்சல் போன்ற நோய்கள் எளிதில் வரும்.

தண்ணீரும் தீவனமும்

தண்ணீர் இல்லாத இடத்தில் வாத்துக்குத் தீவனம் வைக்கக் கூடாது. வாத்து ஒரு வாய் தின்றதும் தண்ணீரில் அலகை நனைக்கும். உலர்ந்த தவிட்டை மட்டும் தின்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தவிடு, குருணையைத் தண்ணீர் விட்டுப் பிசறிக் கொடுப்பதே முறை. பாத்திரம் வாத்தின் மூக்குத் துவாரம் மூழ்கும் ஆழம் உள்ளதாக இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணையும் மூக்கையும் அது கழுவிக்கொள்ள முடியும். நீந்துவதற்குக் குளம் அவசியமில்லை.

மாலைத் தீவனத்தையும் தண்ணீரையும் கொட்டிலுக்கு வெளியே வைத்துக் கொடுத்த பிறகு அடைத்தால் படுக்கை நனையாது. காலை 9 மணி வரை அடைத்து வைப்பதால், விடிந்ததும் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொட்டிலின் ஓரத்தில் வைக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயில் காலத்தில் இரவிலும் தண்ணீர் இருக்க வேண்டும். பாத்திரத்தை ஒரு மரச்சட்டத்தில் அடித்த வலையின்மேல் வைத்து, அடியில் சிறு குழி தோண்டிவிட்டால் சிந்தும் நீர் படுக்கையில் பரவாது.

பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், நிலக்கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. அவற்றில் உண்டாகும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு கோழியைவிட வாத்தை வெகு எளிதில் தாக்கி ஈரலைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த தானியத்தை 'வாத்துக்குத்தானே' என்று போடுவதால் மந்தையே அழிய நேரிடும்.

வெளிச்சமும் முட்டைப் பெட்டியும்

வாத்து எளிதில் மிரளும். கும்மிருட்டில் ஏதேனும் சத்தம் கேட்டால் எல்லா வாத்துகளும் ஒரு மூலையில் நெருக்கி ஒன்றை ஒன்று மிதித்துக்கொள்ளும். மறுநாள் முட்டையும் குறையும். மங்கலான ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரிந்தால் இந்த மிரட்சி குறையும். மின்சாரம் இல்லாத தோட்டத்தில் சூரிய ஒளி விளக்கு பயன்படும். கீற்றுக் கூரைக்கு அருகில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடக் கூடாது.

மூன்று பெட்டை வாத்துகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி வீதம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம், 18 அங்குல ஆழத்தில் தரையிலேயே பின்சுவரை ஒட்டி வைக்க வேண்டும். உள்ளே உலர்ந்த வைக்கோல் பரப்பலாம். வாத்துகளுக்கு நான்கு மாத வயது ஆனதுமே பெட்டிகளை வைத்துவிட்டால் அவை பழகிக்கொள்ளும். வாத்து முட்டையை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். உணவுக்கான முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு ஆண் வாத்து தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டுமானால் ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் வீதம் இருக்க வேண்டும்.

குஞ்சுகள்

குஞ்சுகளைப் பெரிய வாத்துகளுடன் அடைக்கக் கூடாது. முதல் வாரம் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கடியில் நெருக்கிக் குவிந்தால் குளிர் என்றும், விலகி ஓரம் போய் வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்றும் அறியலாம். தண்ணீர்த் தட்டில் குஞ்சு இறங்கி நனைந்துவிடாதபடி கூழாங்கற்களைப் போட்டு வைக்க வேண்டும். கோழி அடைகாத்துப் பொரித்த வாத்துக் குஞ்சுகளுக்கு இறகில் எண்ணெய்ப் பசை குறைவு. அவை நனைந்தால் விறைத்து இறந்துவிடும்.

பழக்குதலும் நோய்த் தடுப்பும்

புதிதாக வாங்கிய வாத்துகளை ஒரு வாரம் கொட்டிலிலும் அதை ஒட்டிய அடைப்பிலும் வைத்திருந்தால் இடம் பழகிவிடும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே குரல் கொடுத்து, ஒரு கைப்பிடி தானியத்தைக் கொட்டில் வாசலில் இறைத்தால், அந்தி சாயும் முன் அவை தாமாகவே வந்து சேரும். பிடிக்கும்போது காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாத்தின் கால் மெலிந்தது, எளிதில் முறியும். கழுத்தைப் பதமாகப் பிடித்து, மற்றக் கையை வயிற்றின் அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் 2014, 2016, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் பரவி, ஆலப்புழை பகுதியில் ஏராளமான வாத்துகள் அழிக்கப்பட்டன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துடன் போக்குவரத்து உள்ள இப்பகுதியினர், ஊர் தெரியாத மந்தையிலிருந்து வாத்து வாங்கி உடனே கொட்டிலில் சேர்ப்பது ஆபத்து. புதிய வாத்துகளை இரண்டு வாரங்களாவது தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் பல வாத்துகள் இறந்தால், அவற்றைக் கையால் தொடாமலும் வாய்க்காலில் எறியாமலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாத்து பிளேக் நோய்க்கு 8 முதல் 12 வார வயதில் தடுப்பூசி போட வேண்டும். இது பற்றி அருகிலுள்ள கால்நடை உதவி மருத்துவரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அன்றாடம் செய்ய வேண்டியவை

மாலை அடைப்பதற்கு முன் வாத்துகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் இருட்டுவதற்குள் புதர்களில் தேட வேண்டும். கொண்டிகள் இரண்டையும் போட்ட பிறகு, வலையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கப் போக வேண்டும். விடிந்ததும் தண்ணீர் வைத்து, 9 மணிக்குத் திறந்து, முட்டைகளை எடுத்துப் படுக்கையைக் கிளற வேண்டும். வாரம் ஒருமுறை கொட்டிலைச் சுற்றி வந்து புதிய வளை, தளர்ந்த ஆணி, துருப்பிடித்த வலை ஆகியவற்றைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்குமாகத் தினமும் அரை மணி நேரமே ஆகும். அடைத்த கணக்கும் திறந்த கணக்கும் ஒன்றாக இருந்தால், வாத்து வளர்ப்பு குடும்பத்துக்கு நிச்சயம் உபரி வருமானம் தரும்.