சோலார் பேனலுக்கு ஏற்ற கண்ட்ரோலர் எது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது மின்கம்பங்கள் ஏராளமாகச் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. புவனகிரி வட்டார விவசாயிகள் களத்திற்கும் மோட்டார் கொட்டகைக்கும் விளக்கு எரியவும், தெளிப்பான் பாட்டரியைச் சார்ஜ் செய்யவும் ஒன்றிரண்டு சோலார் பேனல் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடே. (பாட்டரி இல்லாமல் நேரடியாக ஓடும் சோலார் பம்புசெட்டுக்கு உரிய கண்ட்ரோலர் வேறு.)

பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவில் இருப்பது சார்ஜ் கண்ட்ரோலர். பாட்டரி நிரம்பியதும் மேலும் மின்சாரம் ஏறாமல் தடுப்பது இதன் வேலை. இது இல்லாவிட்டால் பாட்டரித் தண்ணீர் கொதித்து வற்றி, தகடுகள் கெடும். கடையில் இது இரு வகையில் கிடைக்கும்.

பி.டபிள்யூ.எம். வகை விலை குறைவு. இது பேனலை நேராகப் பாட்டரியோடு சேர்த்துவிடுகிறது. 12 வோல்ட் பாட்டரிக்கென்று செய்த 100 வாட் பேனல் சுமார் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும். பாட்டரியோ 13 வோல்ட்டில் நிற்கும். ஆகவே 13-ஐ 5.5-ஆல் பெருக்கினால் வரும் 72 வாட் மட்டுமே பாட்டரிக்குச் சேரும். எம்.பி.பி.டி. வகை, மிகுதியான வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருவதால் பெரும்பகுதி வீணாவதில்லை.

அப்படியானால் விலை உயர்ந்ததையே வாங்க வேண்டுமா? அவசியமில்லை. நம் வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் சூடாகும். சூடு ஏற ஏற அதன் வோல்ட் குறையும். 18 வோல்ட் 15 அல்லது 16 ஆகிவிடும். அந்நிலையில் இரு வகைக்கும் உள்ள வித்தியாசம் சொற்பமே. ஒன்றிரண்டு சிறு பேனலுக்குப் பி.டபிள்யூ.எம். போதும்.

ஏமாற்றம் நேர்வது வேறிடத்தில். வீட்டுக் கூரைக்கான 330 வாட் பேனல் வாட் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, 12 வோல்ட் பாட்டரிக்குப் பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர் வழியே கொடுப்பவர்கள் உண்டு. இப்பேனல் சுமார் 37 வோல்ட், 9 ஆம்பியர் தருவது. பாட்டரிக்குச் சேருவது ஏறக்குறைய 117 வாட்தான். மூன்றில் இரு பங்கு பணம் வீண். இதற்கு 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கண்ட்ரோலரே பொருந்தும். ஆனால் பெட்டியின்மேல் அப்பெயர் எழுதியிருந்தாலே நம்பிவிடக் கூடாது. பாட்டரி இறங்கியிருக்கும் நாளில், நல்ல வெயிலில் அளந்து பார்த்தால், பேனலிலிருந்து வரும் ஆம்பியரைவிடப் பாட்டரிக்குப் போகும் ஆம்பியர் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் அது பெயருக்குத்தான் எம்.பி.பி.டி.

இரண்டு 100 வாட் பேனல்களைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் 36 வோல்ட், 5.5 ஆம்பியர்; பக்க இணைப்பில் 18 வோல்ட், 11 ஆம்பியர். பி.டபிள்யூ.எம்., 12 வோல்ட் பாட்டரி என்றால் பக்க இணைப்பே சரி. தொடரில் சேர்த்தால் இரண்டு பேனல் வாங்கி ஒன்றின் பலனையே பெற நேரும். இரு பாட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட்டாக வைத்திருப்போர் தொடர் இணைப்பு தரலாம்.

எம்.பி.பி.டி. இருந்து, பேனல் தூரத்தில் இருந்தால் தொடர் இணைப்பு நல்லது. 15 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 11 ஆம்பியர் போனால் சுமார் 27 வாட் கம்பியிலேயே சூடாகிப் போகும், 5.5 ஆம்பியர் என்றால் 7 வாட்கூட இல்லை. ஆயினும் தென்னை மட்டை நிழல் ஒரு பேனல்மேல் விழும் இடமானால் பக்க இணைப்பே மேல். ஒன்று சோர்ந்தாலும் மற்றது முழுதும் வேலை செய்யும்.

தொடரில் சேர்க்குமுன் பேனலின் பின்புறச் சீட்டில் உள்ள திறந்த சுற்று வோல்ட்டைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 100 வாட் பேனலுக்கு அது சுமார் 22. மார்கழிக் காலைக் குளிரில் இது இன்னும் சற்று ஏறும். கண்ட்ரோலர் தாங்கும் அளவுக்குப் பத்து சதவீதமாவது கீழே இருக்கட்டும்; மீறினால் கண்ட்ரோலர் எரிந்துவிடும்.

இணைக்கும்போது முதலில் பாட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பாட்டரி.